ஆட்டிசத்தோடு மனநோயும் சேர்ந்திருந்தால்: எதை எப்படிப் பிரிப்பது, மருந்தில் எதைக் கவனிப்பது, ஆபீஸில் எதைச் சொல்வது?

கரைமணல்

ஆட்டிசம் என்று ஒரு ரிப்போர்ட். அதற்கு மேல் மனச்சோர்வு, ஓசிடி (வேண்டாத எண்ணமும் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும்), பைபோலார் (மனநிலை எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போவது), ஸ்கிசோஃப்ரீனியா (இல்லாத குரலும் பொய் நம்பிக்கையும் வருவது) என்று இன்னொன்று, சிலருக்கு இரண்டு மூன்று. இப்படி இருப்பவர்களுக்குத் தேவையான விஷயங்கள் பல இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் மூன்று கேள்விகளோடு இதைத் தொடங்குகிறேன். ஒரு தொந்தரவு வரும்போது அது ஆட்டிசமா, நோயா என்று எப்படிப் பிரிப்பது? ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்காமல் பார்ப்பது எப்படி? வேலை பார்க்கும் இடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது? சொந்த அனுபவங்களுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே செய்முறை மட்டும் எழுதுங்கள்.

வேம்பு

"ஆட்டிசம் இருந்தால் மற்றது இருக்காது, இரண்டில் ஒன்றுதான் சரி" என்பது பழைய பார்வை. 1980-இல் டிஎஸ்எம்-3 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு, மூன்றாம் பதிப்பு) வந்துதான் ஆட்டிசத்தைச் சிறுவயது ஸ்கிசோஃப்ரீனியாவிலிருந்து தனியாகப் பிரித்தது. ஏடிஎச்டியையும் (கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு) ஆட்டிசத்தையும் ஒரே ஆளுக்கு எழுதலாம் என்று டிஎஸ்எம் ஏற்றுக்கொண்டது 2013-இல், ஐந்தாம் பதிப்பில். அதற்கு முந்தைய ரிப்போர்ட்டில் ஒன்று விடுபட்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2019-இல் லான்செட் சைக்யாட்ரி இதழில் வந்த தொகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏடிஎச்டி 28%, பதற்ற நோய்கள் 20%, மனச்சோர்வு 11%, ஓசிடி 9%, பைபோலார் 5%, ஸ்கிசோஃப்ரீனியா வகை 4% என்று கணக்கிட்டது. சேர்ந்து வருவது அபூர்வமே இல்லை.

அதனால் "எது நிஜமான டயக்னோசிஸ்" என்று மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு தொந்தரவையும் தனியாக எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது எப்போதும் இருப்பதா, இல்லை இருந்த நிலையிலிருந்து மாறியதா?

இதற்கு ஒரு பக்கத் தாள் போதும். நன்றாக இருக்கும் காலத்தில் எழுதி வைக்க வேண்டும். எத்தனை மணி நேரத் தூக்கம், ஒரு நாளில் எவ்வளவு பேச்சு, எந்தச் சத்தமும் வெளிச்சமும் துணியும் தாங்காது, எந்தப் பழக்கம் மாறினால் சிரமம், எந்த விஷயத்தில் மூழ்குவது வழக்கம், குளிப்பது சாப்பிடுவது போன்றவற்றை யாரும் சொல்லாமல் எவ்வளவு செய்ய முடிகிறது. சிறுவயதிலிருந்து தெரிந்த ஒருவர் அதைப் படித்துத் திருத்தினால் இன்னும் நல்லது. மனநல மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்தத் தாளையும் இன்றைய நிலையையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். இது இல்லாவிட்டால், கண்ணைப் பார்த்துப் பேசாததும் குரலில் ஏற்ற இறக்கம் இல்லாததும் "உணர்ச்சி மழுங்கியிருக்கிறது" என்று ஃபைலில் ஏறிவிடும். அது பிறந்ததிலிருந்து உள்ள குரல்.

சில உதாரணங்கள். பிடித்த விஷயத்தில் இரவு பகலாக மூழ்குவது ஆட்டிசத்திலும் உண்டு, பைபோலாரின் எழுச்சியிலும் உண்டு. ஆட்டிசத்தில் கவனம் ஒரே விஷயத்தில் குறுகும், தூங்காவிட்டால் மறுநாள் களைப்பு தெரியும். எழுச்சியில் விஷயம் விஷயமாகத் தாவும், மூன்று மணி நேரம் தூங்கிவிட்டும் களைப்பே இராது, செலவும் பேச்சு வேகமும் கூடும். அப்படி நான்கு நாள் தொடர்ந்தாலே ஹைப்போமேனியா (லேசான எழுச்சி) என்று சந்தேகிக்க வேண்டும்.

ஓசிடியில் செய்யும் செயல் வேண்டாத செயல். செய்யாவிட்டால் ஏதோ கெட்டது நடந்துவிடும் என்ற பயம் பின்னால் நிற்கும். ஆட்டிசத்தில் பொருட்களை அடுக்குவதும் உடலை ஆட்டுவதும் நிம்மதி தரும், யாரும் தடுக்காத வரை துன்பம் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதால்தான் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. ஓசிடிக்குப் பயன்படும் இஆர்பி சிகிச்சையை, அதாவது பயத்தை எதிர்கொண்டபடியே செயலைச் செய்யாமல் இருக்கப் பழக்குவதை, ஆட்டிசத்தின் அசைவுகள் மீது பிரயோகித்தால் அந்த ஆள் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் கருவியைப் பறித்தது மாதிரி ஆகும்.

அப்புறம் "குரல் கேட்கிறதா?" என்ற கேள்வி. சொல்லுக்குச் சொல் அர்த்தம் எடுப்பவர் "கேட்கிறது" என்பார். பக்கத்து அறையில் யாரோ பேசுவது உண்மையிலேயே கேட்கிறது. "உங்களைத் தவிர வேறு யாருக்கும் கேட்காத குரலா? ஆள் இல்லாத இடத்திலும் வருகிறதா? என்ன சொல்கிறது?" என்று மருத்துவர் தொடர்ந்து கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆட்டிசம் ஏற்கெனவே உள்ளவருக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்று எழுத வேண்டுமானால் அசைக்க முடியாத பொய் நம்பிக்கையோ இல்லாத குரலோ காட்சியோ மேலோங்கித் தெரிய வேண்டும், அதுவும் குறைந்தது ஒரு மாதம் (சிகிச்சையில் அடங்கினால் அதற்குக் குறைவாகவும்) இருக்க வேண்டும் என்று டிஎஸ்எம்-5 தனியாகவே சொல்கிறது.

இரவுநடை

மனச்சோர்வுக்கும் ஆட்டிச பர்ன்அவுட்டுக்கும் வித்தியாசம்? இரண்டிலும் எழுந்திருக்கவே முடியாது. ஒரு பக்கம் "வெளியே போங்க, நாலு பேரைப் பாருங்க" என்கிறார்கள், இன்னொரு பக்கம் "ஓய்வெடுங்க" என்கிறார்கள்.

வேம்பு

@இரவுநடை, தவறாகப் பிரித்தால் அதிகம் கெடுவது இங்கேதான்.

பர்ன்அவுட்டில் பொதுவாக மூன்று விஷயம் சேர்ந்து வரும்: நீங்காத களைப்பு, ஏற்கெனவே கைவந்த திறமைகள் நழுவுவது (பேச்சு தடைபடும், சமையல் போன்ற வரிசையான வேலை குழம்பும்), சத்தமும் வெளிச்சமும் முன்பைவிடத் தாங்காமல் போவது. மாதக்கணக்கில் நீடிக்கும். பிடித்த விஷயத்தின் மேல் ஆசை இருக்கும், செய்யத் தெம்புதான் இராது. மனச்சோர்வில் அந்த ஆசையே வற்றிவிடும், தன்மேல் வெறுப்பும் குற்ற உணர்வும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் அப்படியிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: சத்தமும் ஆட்களும் மாஸ்கிங்கும் (ஆட்டிசத் தன்மைகளை மறைத்து நடிப்பது) இல்லாத இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள். கொஞ்சமாவது தெம்பு திரும்பினால் பர்ன்அவுட்டின் பங்கு பெரிது. எதுவுமே அசையவில்லை என்றால் மனச்சோர்வை முதலில் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்தே இருந்தால், "நாலு பேரைப் பாருங்கள்" என்ற வீட்டுப்பாடத்தை "பிடித்த விஷயத்தை ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், தனியாக" என்று மாற்றித் தரச் சொல்லிச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். மனச்சோர்வுக்குத் தேவையான செயலும் கிடைக்கும், ஆட்களோடு பழகும் சுமையும் ஏறாது.

இன்னொன்று. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தன் உணர்ச்சி இன்னதென்று சொல்வது கடினம். "இந்த வாரம் மனசு எப்படி இருந்தது, 1 முதல் 10-க்குள் சொல்லுங்கள்" என்றால் எண் வராது, வந்தாலும் அர்த்தமில்லாத எண்ணாக இருக்கும். அதற்குப் பதில் எத்தனை முறை குளித்தேன், எத்தனை வேளை சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை மெசேஜுக்குப் பதில் போட்டேன் என்று எண்ணக்கூடியதை எழுதிக் கொண்டுபோங்கள்.

மருந்துச்சீட்டு

மருந்துப் பக்கம் நான் சொல்கிறேன். டோஸ் முடிவெல்லாம் உங்கள் மருத்துவருடையது. நீங்கள் கேட்க வேண்டியதையும் கவனிக்க வேண்டியதையும் மட்டும் எழுதுகிறேன்.

ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளுக்கு மருந்து கிடையாது. ரிஸ்பெரிடோன், அரிப்பிபிரசோல் இரண்டும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருப்பது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கு. ஆகவே எந்த மாத்திரை எழுதினாலும் "இது எந்த டயக்னோசிஸுக்கு, எந்தத் தொந்தரவு எத்தனை வாரத்தில் குறைய வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பதில் தெளிவாக இல்லாத மாத்திரைகள்தான் வருடக்கணக்கில் சீட்டில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

எஸ்எஸ்ஆர்ஐ (மனச்சோர்வு, பதற்றத்துக்குப் பரவலாகத் தரும் மாத்திரை) வகையில், குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றும்படி கேட்கலாம். முதல் இரண்டு வாரத்தில் படபடப்பு, தூக்கமின்மை, உடல் ஓரிடத்தில் இருக்காத நிலை வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். பைபோலார் சந்தேகம் இருந்தால் மனச்சோர்வு மாத்திரை தனியாகத் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும், எழுச்சியைக் கிளப்பிவிடலாம். பலன் தெரியப் பல வாரம் ஆகும். அந்த நேரத்தில் வேறு எதையும் சேர்த்து மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. திடீரென்று நிறுத்தவும் கூடாது. குறிப்பாகப் பரோக்சிட்டினையும், எஸ்எஸ்ஆர்ஐ அல்லாத வேறு வகையான வென்லாஃபாக்சினையும் சட்டென்று விட்டால் தலைசுற்றலும் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் வரும். ஏற்கெனவே புலன்கள் கூர்மையான உடம்புக்கு அது பெரிய வேதனை.

ஆன்டிசைக்கோட்டிக் மருந்துகளில் (பொய் நம்பிக்கை, இல்லாத குரல் போன்றவற்றுக்குத் தருவது) அகத்திசியா என்றொரு பக்கவிளைவு உண்டு. கால் நிற்காது, உட்கார முடியாது, உள்ளுக்குள் ஒரு தவிப்பு. ஆட்டிசம் என்று ஃபைலில் இருந்தால் இதை "வழக்கமான அசைவுதான்" என்று கடந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் நோய் கூடிவிட்டது என்று டோஸை ஏற்றுவார்கள். ஏற்றினால் இன்னும் மோசமாகும். வழக்கமான அசைவு நிம்மதி தரும், இது தராது. மருந்து தொடங்கியோ ஏற்றியோ சில நாள், சில வாரத்துக்குள் புதிதாக வரும். தற்கொலை எண்ணத்தையும் தூண்டக்கூடியது என்பதால் அன்றைக்கே சொல்ல வேண்டும். "அகத்திசியாவா என்று பாருங்கள்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

லித்தியம் (பைபோலாரில் மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து) எடுப்பவர்களுக்கு: ஆட்டிசத்தில் தாகம், பசி, சிறுநீர் உணர்வு சரியாகத் தெரியாத ஆட்கள் நிறைய. தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். தாகம் எடுக்கும் என்று காத்திருக்காமல் மணி வைத்துக் குடியுங்கள். ரத்தப் பரிசோதனை கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து. வழக்கமான இலக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல், உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அளவை ஏற்றும். வாந்தி பேதி வந்தாலோ, கை பெரிதாக நடுங்கி நாக்கு குழறி நடை தள்ளாடினாலோ உடனே மருத்துவமனை.

லாமோட்ரிஜினும் பைபோலாருக்குத் தருவது, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றும் மருந்து. ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸில் திரும்பத் தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள், முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

அற்பமாகத் தெரியும் ஒன்று: கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறம், வடிவம், நாக்கில் படும் சுவை மாறும். அதனாலேயே மருந்து நின்றுபோகும் ஆட்கள் உண்டு. ஒரே கம்பெனி மருந்தைத் தரும்படி கடையில் சொல்லி வையுங்கள், அல்லது திரவ வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை மட்டும் உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம்.

அலைவரிசை

@மருந்துச்சீட்டு எழுதியதோடு ஒரு எச்சரிக்கை. ஷட்டவுன் (சுமை தாங்காமல் பேச்சும் செயலும் நின்றுபோவது) என்று நினைக்கும் நிலை நாட்கணக்கில் நீண்டு, அசைவு மெதுவாகி, வாசலைத் தாண்டவே நெடுநேரம் நிற்பது, கையை வைத்த இடத்திலேயே வைத்திருப்பது, சாப்பாடு தண்ணீர் நிற்பது என்று போனால் கேட்டடோனியாவாக (உடல் அசைவு உறைந்துபோகும் நிலை) இருக்கலாம். ஆட்டிச ஆய்வாளர்கள் லோர்னா விங், அமிதா ஷா இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதனைக்கு வந்த 15 வயதுக்கு மேற்பட்ட ஆட்டிசக்காரர்களில் 17% பேரிடம் இதைப் பார்த்தார்கள். லோராசெபாம் போன்ற மருந்துகளுக்கு இது கேட்கும். ஆன்டிசைக்கோட்டிக் இதை மோசமாக்கலாம் என்பதால் சரியான பெயர் தெரிவது முக்கியம். சாதாரண ஷட்டவுன் அமைதியான இடத்தில் சில மணி நேரத்தில் தளரும்.

அப்புறம் தற்கொலை எண்ணம். 2014-இல் லான்செட் சைக்யாட்ரியில் வந்த ஆய்வில், வளர்ந்த பிறகு ஆஸ்பெர்ஜர் (இப்போது ஆட்டிசத்துக்குள் அடங்கும் பழைய பெயர்) டயக்னோசிஸ் கிடைத்தவர்களில் 66% பேர் வாழ்நாளில் எப்போதாவது அந்த எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். நெருக்கடியில் பேச்சு வராமல் போகலாம். அதனால் முன்கூட்டியே ஒரு அட்டை எழுதி போன் உறைக்குள் வையுங்கள்: "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. இப்போது பேச வராது, எழுதிக் காட்டுவேன். தொடாதீர்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள். நான் எடுக்கும் மருந்து இவை. இவரை அழையுங்கள்." மெசேஜ் வழி உதவி தரும் நெருக்கடி எண் உங்கள் பகுதியில் இருந்தால் அதையும் அதில் எழுதுங்கள். முகம் அமைதியாக இருப்பதை வைத்து "ஆபத்து இல்லை" என்று முடிவு செய்துவிடுவார்கள். அதனால் "முகத்தில் தெரியாது, ஆனால் நிலைமை அவசரம்" என்ற வரியும் வேண்டும்.

நூலேணி

வேலையிடத்துக்கு வருகிறேன். பெயரைச் சொல்வதும் தேவையைச் சொல்வதும் வேறு வேறு. பெரும்பாலான மாற்றங்களுக்குப் பெயரே தேவைப்படாது. "நீண்ட கால உடல்நிலை ஒன்று இருக்கிறது, அதனால் இந்த மூன்று மாற்றம் வேண்டும்" என்பது பல இடங்களில் போதும். ஆதாரம் கேட்டால் எச்ஆருக்கு மட்டும் மருத்துவர் கடிதம், மேனேஜருக்கு மாற்றங்களின் பட்டியல் மட்டும்.

கடிதத்தில் நோயின் பெயருக்குப் பதில் எது கடினம், எது உதவும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்: "வாய்மொழி உத்தரவுகள் பல சேர்ந்து வந்தால் தவறவிடுகிறார், எழுத்தில் தர வேண்டும். இரவு மருந்தின் தூக்கக் கலக்கம் காலை வரை இருப்பதால் வேலை நேரம் 10 மணிக்குத் தொடங்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபரிசீலனை." இப்படிக் குறிப்பாக இருந்தால் மறுப்பது கடினம். "மன அழுத்தம் இல்லாத சூழல் தேவை" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது, "இந்த வேலைக்குத் தகுதியில்லை" என்று திருப்பிப் படிக்கவும் இடம் கொடுக்கும்.

ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006) நியாயமான வசதி மறுக்கப்படுவதையே பாகுபாடு என்று இரண்டாம் பிரிவில் சொல்கிறது, வேலையைப் பற்றி 27-ஆம் பிரிவு. உங்கள் நாட்டுச் சட்டம் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். மனநோயும் அதில் அடங்குகிறதா, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதை வேலையில் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கல்தச்சன்

நூலேணியோடு ஓரளவு முரண்படுகிறேன். பெயர் சொல்லாமலே இருந்தால் நேரடியான பேச்சும் கண்ணைப் பார்க்காததும் "திமிர்", "டீமோடு ஒட்டமாட்டார்" என்று அப்ரைசலில் விழும். ஆட்டிசத்தை மட்டும் சொல்லிவிட்டு மனநோயைச் சொல்லாமல் விடுவதுதான் பலருக்குச் சரிப்படும். ஆட்டிசத்துக்கு இப்போது கொஞ்சம் புரிதல் வந்திருக்கிறது. பைபோலார், ஸ்கிசோஃப்ரீனியா என்று காதில் விழுந்த நாளிலிருந்து பார்வையே மாறிவிடும்.

நூலேணி

@கல்தச்சன், நியாயமான வழிதான், ஆனால் இரண்டு இடத்தில் உடையும். நோய் திரும்பி விடுப்பு தேவைப்படும்போது ஆட்டிசம் என்ற காரணம் பொருந்தாது, "முதலில் ஏன் சொல்லவில்லை" என்பார்கள். இன்னொன்று, மேனேஜர் ஆட்டிசத்தைப் பற்றி ஒரு வீடியோ பார்த்துவிட்டு "இவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்று முடிவுகட்டிவிட்டால், மனச்சோர்வில் வேலை சரியும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆட்டிசத்தைச் சொல்வதானால் கூடவே "உடல்நிலை சார்ந்து சில சமயம் விடுப்பும் தேவைப்படலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பெயர் வேண்டாம்.

எதைச் சொன்னாலும் எழுத்தில் சொல்லுங்கள். மாதிரி:

"வணக்கம். என் வேலையைச் சரியாகச் செய்ய மூன்று மாற்றங்கள் கேட்கிறேன். ஒன்று, மீட்டிங்கில் பேசப்போகும் விஷயங்கள் 24 மணி நேரம் முன்பு மெயிலில். இரண்டு, சுவரோரமான இருக்கையும் ஹெட்போனும். மூன்று, குறைகள் இருந்தால் இரண்டு வேலை நாளுக்குள், தனியாக, உதாரணத்தோடு. ஆறு வாரம் நடத்திப் பார்த்து, எது பயன்பட்டது என்று சேர்ந்து பேசலாமா? மருத்துவர் கடிதம் எச்ஆரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தகவல் வேறு யாருக்கும் போகக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்."

மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள், பேரம் பேசி எளிதானதை மட்டும் தருவார்கள். "ஆறு வாரம்" என்று கால வரம்பு போட்டால் சம்மதிப்பது மேனேஜருக்கு எளிது.

இரவுநடை

சொன்ன பிறகு வரும் பேச்சை எப்படிச் சமாளிப்பது? ஒரு முடிவை எதிர்த்துப் பேசினாலே "இன்னைக்கு மருந்து போட்டீங்களா?" என்கிறார்கள்.

நூலேணி

சொல்வது சரியா தவறா என்ற விவாதத்தை நோய்க்குள் தள்ளிவிடும் தந்திரம் அது. அந்த இடத்தில் மருந்தைப் பற்றிப் பதிலே சொல்லாதீர்கள், "போட்டேன்" என்றுகூட. "நான் சொன்னது இந்த டெலிவரி தேதி பற்றி. அதற்கு உங்கள் பதில் என்ன?" என்று விஷயத்துக்கே திரும்புங்கள். பேச வராவிட்டால் அன்றே மெயில்: "இன்று மீட்டிங்கில் தேதி பற்றி நான் கேட்டபோது என் மருந்து பற்றிக் கேட்கப்பட்டது. என் உடல்நிலை இந்த விவாதத்துக்குச் சம்பந்தமில்லாதது. தேதி பற்றிய என் கேள்வி இது." குற்றச்சாட்டு வார்த்தை வேண்டாம். நடந்தது, தேதி, யார் இருந்தார்கள், சொன்ன சொல் அப்படியே. நகல் ஒன்றை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வெளியேயும் வையுங்கள், ஆனால் கம்பெனி ரகசியம் எதுவும் அதோடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்ரைசலில் "ஆட்டிட்யூட் சரியில்லை", "கல்ச்சருக்குப் பொருந்தவில்லை" என்று வந்தால் "எந்தத் தேதி, எந்தச் செயல், வேலையில் என்ன பாதிப்பு?" என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் பிறகு ஆவணம்தான்.

தறி

விடுப்பு முடிந்து திரும்புபவர்களுக்காக. முழு நேரமும் ஒரேயடியாகத் திரும்பினால் பலருக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் சரிகிறது. முதல் வாரத்தின் புதுத்தெம்பில் மாஸ்கிங் செய்து ஓட்டிவிடுவார்கள், கணக்கு பிறகு வரும். முதல் இரண்டு வாரம் பாதி நேரம், அடுத்த இரண்டு முக்கால், பிறகு முழுசு என்று கேளுங்கள். நேரத்தோடு வேலைப் பளுவும் பாதியாக வேண்டும் என்று சேர்த்து எழுதாவிட்டால் முழு வேலையைப் பாதி நேரத்தில் செய்ய வேண்டி வரும்.

இரண்டு டயக்னோசிஸும் எதிரெதிராக இழுக்கும் இடங்களை முன்பே யோசித்துவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை ஆட்டிசத்துக்கு நிம்மதி, மனச்சோர்வில் ஆளே பார்க்காமல் மூழ்கடிக்கும். அதற்கு வாரம் ஒரு நாள், குறிப்பிட்ட நாள், கூட்டம் குறைவான நேரத்தில் ஆபீஸ் என்று வைக்கலாம். "எப்போது வேண்டுமானாலும் வேலை செய்யலாம்" என்ற சலுகை பர்ன்அவுட்டுக்கு நல்லது, பைபோலாருக்கு ஆபத்து, தூக்க நேரம் கலைந்தால் எழுச்சி கிளம்பும். நேரத்தைத் தள்ளி வைக்கக் கேளுங்கள், ஆனால் தினமும் ஒரே நேரம். நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்பதை மருத்துவர் கடிதத்திலேயே போட்டுவிடுங்கள்.

கரைமணல்

மேனேஜர் மாறினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்தா?

தறி

ஒப்புக்கொண்ட மாற்றங்களை ஒரே பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, பழைய மேனேஜரும் எச்ஆரும் "சரி" என்று மெயிலில் பதில் போட வாங்கி வையுங்கள். அவர் போகிறார் என்று தெரிந்த வாரமே வாங்க வேண்டும், போன பிறகு கிடைக்காது. புதியவர் வந்த முதல் வாரத்தில் அதை அனுப்பி, "இவை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளவை, உங்கள் தகவலுக்கு" என்று மட்டும் எழுதுங்கள். "தொடரலாமா?" என்று கேட்காதீர்கள்.